வீட்டுக்கு ஒரு நாடு

ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கவாம்மா? மலை இறங்கறப்ப எனக்குக் கொமட்டும். ஏறும்போது ஒண்ணும் பண்ணாது, இறங்கும்போதுதான். நல்லா இருப்பே. நீ எதுவரைக்கும்? வத்தலக்குண்டா. நான் திருச்சி. தனியாத்தான். வரும்போது தனியா வரல, பதினாலு பேரு வேன் புடிச்சு வந்தோம். திரும்பிப் போறதுதான் தனியா.

அழுத மாதிரியா தெரியுது? அழலம்மா, தூக்கமில்ல. கண்ணு செவந்து கெடக்கு, அவ்வளவுதான். சொல்றதுக்கு என்ன. வத்தலக்குண்டுல எறங்கிட்டா நீ யாரோ நான் யாரோ. எங்க அபார்ட்மெண்டு ஆளுங்ககிட்ட சொல்ல முடியுமா, இல்ல எம்மககிட்டதான் சொல்ல முடியுமா? அவ எப்பவும் அப்பா பக்கம். இருந்தாலும் அவ வீட்டுக்குத்தான் போகப் போறேன். திருச்சியில இறங்கி, வீட்டப் பூட்டி, பொட்டியக் கட்டிக்கிட்டு, மெட்ராசுக்குப் போயிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். இனிமே அந்த மனுசனோட ஒரே வீட்ல என்னால இருக்க முடியாது. அறுபது வயசுல புருசன விட்டுட்டுப் போறாளேன்னு பாக்காதே. முழுசாக் கேளு, கேட்டுட்டு அப்புறம் சொல்லு.

உறையூர்ல எங்க அபார்ட்மெண்டு. இருபது வீடு. அதுல ஆறு வீட்டுக்காரங்க கொஞ்சம் ஒட்டு. செகரட்டரி சம்சாரம் ரேணுகான்னு ஒருத்தி. அவ மகன் கனடாவுல இருக்கான். அங்க போய் ஆறு மாசம் இருந்துட்டு வந்ததுலேர்ந்து அவளுக்குக் கால் தரையில பாவல. அவளுக்குத் தோணின யோசனைதான் இதெல்லாம். கொடைக்கானல்ல அடுப்படியோட ஒரு பங்களா எடுக்கறது, நாலு நாள் தங்கறது. ஓட்டல் சாப்பாடு கெடையாது. வேளைக்கு ஒரு வீட்டுக்காரங்க சமைக்கணும். அதுவும் வீட்டுக்கு ஒரு நாடு. இட்லி, தோசைன்னு மூச்சு விடக்கூடாது. ஏன்டியம்மா, வருசம் பூரா அடுப்படியிலதான் வேகறோம், ஊரு சுத்தப் போன எடத்துலயும் வேகணுமான்னு எனக்கு இருந்துச்சு. வாயத் தொறந்து சொல்ல முடியுமா? எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டிட்டு வந்தேன்.

நாட்டுப் பேரெல்லாம் சீட்டுல எழுதிக் குலுக்கினா. அவளுக்கு இத்தாலி. பேங்க் மேனேஜரா இருந்து ரிட்டையரான கோபாலன் சார் வீட்டுக்குத் தாய்லாந்து. மூணாவது மாடி தாவூத் பாய்க்கு ஜப்பான் விழுந்துச்சு. அந்த மனுசன், "பிரியாணிக்கும் ஜப்பானுக்கும் நடுவுல எதையாவது செஞ்சு தர்றேன்"னு சிரிச்சுக்கிட்டாரு. நான் சீட்டு எடுக்கக் கைய நீட்டினா, ரேணுகா டப்பாவ அந்தப் பக்கம் நகத்திட்டா. "உங்களுக்கு எதுக்குக்கா சீட்டு? சாரு குவைத்துல இருபத்திரண்டு வருசம் ஆபீசரா இருந்தவரு. குவைத்து உங்க வீட்டுக்குத்தான்"னா. பொய் சொல்லக்கூடாது, எனக்கு அப்பப் பெருமையாத்தான் இருந்துச்சு. ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

தாவூத் பாயும் குவைத்துல இருந்தவருதான். டிரைவரா இருந்தாரு. அதனால யாரும் அதப் பெருசா எடுத்துக்கல. நானும்தான். கீழ வண்டி நிறுத்தற எடத்துல எங்க வீட்டுக்காரரும் அவரும் நின்னு பேசிக்கிட்டிருந்தா, நான் மாடியிலேர்ந்தே "என்னங்க, போனு"ன்னு கூப்ட்டுருவேன். ஒரு டிரைவர்கிட்ட ஆபீசருக்கு என்ன பேச்சு? நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க?

எங்க வீட்டுக்காரரு எண்ணெய்க் கம்பெனியில சூப்பர்வைசர். அப்படித்தாம்மா ஊரு பூராச் சொல்லி வச்சிருந்தேன். எம்மகளுக்கு மாப்பிள்ள பாத்தப்பவும் அதான் சொன்னேன், பத்திரிகையிலயும் அதான் போட்டோம். அவரும் வேணாம்னு சொல்லலையே? பத்திரிகைய வாங்கிப் பாத்தாரு, பெரியப்பா பேருல ஒரு எழுத்து விட்டுப் போயிருக்குன்னு மட்டும் சொன்னாரு.

இந்த வளைவு வேற. கண்டக்டர் தம்பி, கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுப்பா, புண்ணியமாப் போகும்.

எங்க விட்டேன்? ஆங், குவைத்து. வீட்டுக்குப் போய் அவருகிட்டச் சொன்னேன். பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. குவைத்துலேர்ந்து வந்து பத்து வருசமாச்சு, பத்து வருசமா அந்தச் சாய்வு நாற்காலியும் பேப்பரும்தான். தலையத் தூக்கி, "என்ன செய்யப் போறே?"ன்னாரு. கொண்டக்கடலைய வேகவச்சு அரைச்சு எண்ணெய் ஊத்தித் தராங்களே, போன்ல பாத்தேன், அதும் சப்பாத்தியும்னேன். "அது லெபனான்காரங்க பண்றது"ன்னாரு. எவன் பண்ணா என்ன, இவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், திங்கட்டும்னேன். சரின்னு மறுபடி பேப்பருக்குள்ள போயிட்டாரு. பேச்சு அவ்வளவுதாம்மா எங்களுக்குள்ள. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை தேறினா அதிகம்.

முந்தாநாள் வந்து சேந்தோம். மத்தியானம் ரேணுகாவோட இத்தாலி. மைதாவுல குழாய் குழாயா இருக்குமே, அத வெள்ளைக் கூழுல முக்கிக் குடுத்தா. சுவரொட்டி ஒட்டற பசை மாதிரி இருந்துச்சு. எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. நானும் ரெண்டாந்தரம் வாங்கிக்கிட்டேன், வேற வழி? சாயங்காலம் கோபாலன் சார் சம்சாரத்தோட தாய்லாந்து. பச்சையா ஒரு குழம்பு, எலுமிச்ச வாசம். அது பரவாயில்ல. எங்க வீட்டுக்காரரு ரெண்டு வேளையும் ஒண்ணும் பேசாம சாப்பிட்டாரு, தட்டக் கழுவி வச்சாரு, போய்ப் படுத்தாரு.

நேத்து மத்தியானம் எங்க முறை. கடலைய முந்தின நாளே ஊறப் போட்டிருந்தேன். காலையில குக்கர்ல வச்சா, விசிலே வரல. பங்களா குக்கரு, ரப்பர் போயிருச்சு. நெருப்ப ஏத்தி ஏத்திப் பாக்கறேன், அந்தக் குளிருக்குக் கடலை கல்லாவே கெடக்கு. மணி பத்தரை. ரேணுகா வந்து எட்டிப் பாத்து, "என்னக்கா, குவைத்து ரெடியா?"ங்கறா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அடுப்புக்கு முன்னால நின்னு அழுதுட்டேன்.

அப்பதான் வந்தாரு. வாசப்படியில நின்னு கொஞ்ச நேரம் பாத்தாரு. "நகரு வல்லி"ன்னாரு. எம்பேரு கனகவல்லி, அவரு மட்டும் வல்லிம்பாரு. நீங்க போய் பேப்பர் படிங்க, நானே நொந்து போயிருக்கேன்னேன். மறுபடியும் "நகரு"ன்னாரு. சத்தமாக்கூடச் சொல்லல. கல்யாணமாகி முப்பத்தாறு வருசத்துல அந்தக் கொரல நான் கேட்டதே இல்லம்மா. நகந்துட்டேன்.

தாவூத் பாயக் கூப்ட்டு ஆட்டுக்கறி வாங்கிட்டு வரச் சொன்னாரு. ஆறு கிலோ! பதினாலு பேருக்கு, அதுல நாலு பேரு சைவம், எதுக்குங்க ஆறு கிலோன்னா, "கம்மியா ஆக்கிப் பழக்கமில்ல"ங்கறாரு. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். உறைக்கலயே. ரூமுக்குப் போயி அவரு பையிலேர்ந்து ஒரு பொட்டலம் எடுத்துட்டு வந்தாரு. பிரிச்சா, காஞ்சு கருத்துப்போன எலுமிச்சம்பழம், குட்டி குட்டியா. இன்னொண்ணுல என்னமோ மசாலாத் தூளு. இதெல்லாம் ஏதுங்கன்னு கேட்டேன். திருச்சியில ஒரு கடையில கெடைச்சுச்சு, வாங்கி வச்சேன்னாரு. பாத்துக்க! முன்னாடியே வாங்கி, எனக்குத் தெரியாம வேட்டிக்கு நடுவுல வச்சு எடுத்துட்டு வந்திருக்காரு. இது திட்டமா இல்லையா நீயே சொல்லு.

துண்ட நாலா மடிச்சுத் தோள்ல போட்டாரு. ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் தேச்சுக் கழுவினாரு. அப்புறம் வெங்காயம் நறுக்கினாரு பாரு. கத்தியப் பாக்காமலே நறுக்கறாரு. கறிய முழுசு முழுசா வேகவச்சு எடுத்துட்டு, அந்தத் தண்ணியிலயே அரிசியப் போட்டாரு. கறிய மறுபடி சட்டியில போட்டு வறுத்தாரு. இன்னொரு பக்கம் வெங்காயமும் காஞ்ச திராட்சையும் வதங்குது. தக்காளியில ஒரு தொக்கு. சைவக்காரங்களுக்கு யாரும் சொல்லாமலே தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. உப்பு பாக்கறதுக்குக் கரண்டிய வாயில வைக்கல, புறங்கையில ஒரு சொட்டு விட்டுப் பாத்தாரு. என்னமோ ஒரு அரபிப் பாட்ட முணுமுணுத்துக்கிட்டே இருந்தாரு. நான் ஒரு மூலையில ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துட்டே இருக்கேன். இது யாரு வீட்டு மனுசன்னு இருந்துச்சு எனக்கு. சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாதுன்னு இவரப் பத்திப் பத்து வருசமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தவ நான்.

வைக்க விட்டாத்தானேன்னு நீ கேப்பே. ஆம்பள அடுப்படிக்கு வர்றது எனக்குப் பிடிக்காதும்மா. ஊருக்கு வந்த புதுசுல வாசப்படியில வந்து நிப்பாரு, நான் சமைக்கறதப் பாத்துக்கிட்டே. ஒரு நாள், "உப்ப இப்பப் போடாத, கறி வெந்தப்புறம் போடு"ன்னாரு. எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ கோவம். எனக்கே சொல்லித் தர்றீங்களா, ஆபீசுல கணக்கு எழுதற வேலைய அங்க வச்சுக்கங்கன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் வாசப்படிக்கும் வரல. நானும் வேற ஒண்ணும் நெனைக்கல. தொல்லை விட்டுச்சுன்னு இருந்துட்டேன்.

ஒரு மணிக்குச் சாப்பாடு ரெடி. பெரிய எவர்சில்வர் தாம்பாளத்துல சோத்தப் பரப்பி, மேல கறிய அடுக்கி, அதுக்கு மேல வெங்காயம் திராட்சையத் தூவி, ஓரத்தத் துணியால ஒரு தரம் தொடச்சு, ரெண்டு கையால தூக்கிட்டு வந்து மேசை நடுவுல வச்சாரு. மச்பூஸ்னு பேராம் அதுக்கு. எல்லாரும் போன எடுத்துப் போட்டோ புடிச்சாங்க. ரேணுகாகூட எழுந்து நின்னு பாத்தா, அதுவே அதிசயம்.

எல்லாரும் உக்காந்தாச்சு. அவரு உக்காரல. அடுப்படி வாசலுக்குப் போய், முன்னால ஒரு கையப் புடிச்சு ஒரு கை வச்சுக்கிட்டு நின்னாரு. உக்காருங்க சார்னாங்க. "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்"னாரு. நின்னுக்கிட்டு எல்லார் தட்டையும் பாத்துட்டே இருக்காரு. ஒருத்தர் தட்டுல சோறு கொறையறதுக்குள்ள போய் வைக்கறாரு. ஒருத்தரு தண்ணிக்குக் கையத் தூக்கறதுக்குள்ள ஊத்தறாரு. ஊத்திட்டு ரெண்டடி பின்னால நடந்து மறுபடி அந்த வாசலுக்கே போய் நிக்கறாரு. எனக்கு மானம் போகுது. என்னங்க, வந்து உக்காருங்கன்னு பல்லக் கடிச்சுச் சொன்னேன். வந்தாரு. நாற்காலி நுனியில உக்காந்தாரு. கோபாலன் சார் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாரு, அவ்வளவுதான், இவரு எழுந்திரிச்சிட்டாரு. அவரால உக்கார முடியல. உடம்பு உக்கார விடல.

அப்பதான் தாவூத் பாய் கேட்டாரு. சாப்பிட்டுக்கிட்டே, தலையக்கூடத் தூக்காம, ரொம்பச் சாதாரணமாக் கேட்டாரு. "அண்ணே, நீங்க எந்த வீட்ல இருந்தீங்க?"

எந்தக் கம்பெனின்னு கேக்கல பாத்தியா? எந்த வீட்லன்னு கேட்டாரு.

வாய்க்குக் கொண்டு போன மொதக் கவளத்த நான் தட்டுலயே போட்டுட்டேன். இவரு என்ன செஞ்சிருக்கணும்? என்ன வீடு பாய், நான் ஆபீசுலல்ல இருந்தேன்னு ஒரு சிரிப்புச் சிரிச்சிருந்தா போயிருக்கும். இல்லன்னா காதுல விழாத மாதிரி அடுப்படிக்குள்ள போயிருக்கலாம். இவரு கொஞ்சம்கூட யோசிக்கல. "ஜாபிரியாவுல பாய். பெரிய வீடு, பத்தொம்பது பேருக்குச் சமையல். இருபத்திரண்டு வருசமும் ஒரே வீடுதான்"னாரு. பாய், "அப்படிச் சொல்லுங்க! நான் அதுக்குப் பக்கத்துல சால்மியாவுல ஒரு வீட்ல பதினஞ்சு வருசம் வண்டி ஓட்டினேன். கறி வெந்திருக்கறதப் பாத்ததுமே நெனச்சேன்"னு எழுந்து வந்து இவரு தோளத் தட்டறாரு. இவரும் சிரிக்கறாரு. ரெண்டு பேரும் அரபியில என்னமோ சொல்லிக்கிட்டாங்க, மறுபடி சிரிச்சாங்க.

ரேணுகா என்னைப் பாத்தா. ஒரு தரம் பாத்தாம்மா, போதாதா?

நான் எழுந்து ரூமுக்குப் போயிட்டேன். தலைவலின்னு சொல்லிட்டுப் போனேன். ஆனா பலகைச் சுவருதானே, வெளிய பேசறது எல்லாம் கேக்குது. ஒரு மணி நேரம் பேசினாரு. அந்த மனுசன்! நோன்பு மாசத்துல முந்நூறு பேருக்கு ஆக்கினதச் சொல்றாரு. வீட்டுப் பெரியம்மா இவரு பரிமாறினாத்தான் கஞ்சி குடிப்பாங்களாம், சாகறப்பவும் இவரத்தான் கூப்பிட்டாங்களாம். மொத வருசம் கொதிக்கற கொழம்பு கையில கொட்டி ஒரு மாசம் கட்டுப் போட்டிருந்தாராம். அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். மெசின்ல பட்டுச்சும்பாரு. பதினாலு பேருல நான் ஒருத்தி போக மீதிப் பேரு, அவரச் சுத்தி உக்காந்துக்கிட்டு, அப்புறம் என்ன சார் ஆச்சு, அப்புறம் என்ன சார் ஆச்சுன்னு கேக்கறாங்க. இவரு கொரலு உசந்துக்கிட்டே போகுது. வீட்ல ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேசாதவரு அங்க கத சொல்றாரு.

கடைசியா ரேணுகா, "அருணகிரி சார் இருக்கறப்ப நமக்கு என்ன கவலை, மிச்ச நாளைக்கும் சமையல அவருகிட்டயே விட்டுருவோம்"னா. எல்லாரும் சிரிச்சாங்க. அத இவரு கோவப்பட்டுக் கேக்கணுமா வேணாமா? "அதுக்கென்ன, செய்யலாமே"ங்கறாரு!

அப்புறம் ரூமுக்கு வந்தாரு. நான் விடல. இருபத்திரண்டு வருசம் என்னை ஏமாத்திட்டீங்களே, ஒரு வார்த்தை சொல்லலையேன்னு கேட்டேன். தோள்ல கெடந்த துண்ட எடுத்து மடிச்சாரு. அப்புறம், "சொன்னேனே வல்லி, மொதல்லயே சொன்னேனே"ன்னாரு. எப்பச் சொன்னாரு? எனக்கு நெனவில்லாமப் போகுமா?

ஒரே ஒரு தடவ போன்ல என்னமோ ஆரம்பிச்சாரு, அதச் சொல்றாரு. அதெல்லாம் சொன்னதா ஆகுமா? அப்ப நாங்க பட்டுக்கோட்டையில எங்கப்பா வீட்ல இருந்தோம். மகளுக்கு மூணு வயசு. குவைத்துக்குப் போறதுக்கு முன்னால இவரு ஊர்ல கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதிட்டிருந்தாரு. ஏஜெண்டு ஒருத்தன் ஆபீசு வேலைன்னு சொல்லித்தான் அனுப்பி வச்சான். எதிர்வீட்டு வாத்தியாரு வீட்டுக்குத்தான் போன் வரும். போன மூணாவது மாசம் பேசறாரு. ஓடிப் போய் எடுக்கறேன். வாத்தியாரு, அவரு சம்சாரம், மருமக, எங்கப்பா, எல்லாரும் என் வாயையே பாத்துட்டு நிக்கறாங்க. இவரு அந்தப் பக்கத்துலேர்ந்து, "வல்லி, இங்க ஆபீசு வேலையே இல்ல, ஏமாத்திட்டான், ஒரு வீட்டு அடுப்படியில விட்டுருக்கான், எனக்கு வெங்காயம் உரிக்கக்கூட..."ன்னு அழற மாதிரி சொல்லிட்டே போறாரு. எங்கப்பா என்னன்னு கேக்கறாரு. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. ஆனா மூளை வேலை செஞ்சுச்சு பாரு! "அப்படியா! சூப்பர்வைசராப் போட்டுட்டாங்களா? ரொம்ப சந்தோசங்க!"ன்னு கத்திச் சொன்னேன். வாத்தியாரு வீட்ல எல்லாரும் கை தட்டினாங்க. எங்கப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

லைன் போயிருச்சோன்னு நெனச்சேன். அப்புறம், "ஆமா வல்லி"ன்னாரு. வச்சுட்டாரு.

அதுக்கப்புறம் அவரு ஒரு நாளும் சொல்லலம்மா. நானும், ரெண்டு மாசம் மூணு மாசம் அப்படி இருந்திருக்கும், அப்புறம் ஆபீசுல போட்டிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்க மாட்டாங்களா? அனுப்பறத ஒழுங்கா அனுப்பிட்டிருந்தாரு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வருவாரு, செண்டு போட்டுக்கிட்டு, நல்ல சட்டை பேண்ட்டு. கையப் புடிச்சு என்னய்யா வேலைன்னு எவன் கேக்கப் போறான்? நீ அப்படிப் பாக்காதே. உனக்கு என்ன வயசு, இருபத்தஞ்சு இருக்குமா? அந்தக் காலத்துல ஒரு பொட்டப் பிள்ளையோட அப்பன் வீட்ல வந்து உக்காந்தவளுக்கு என்ன நெலமைன்னு உனக்குத் தெரியாது.

பெருமாள்மலை எப்பவோ தாண்டியாச்சா? நான் பாக்கவே இல்ல.

இன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கே எழுந்து போயிட்டாரு. பாத்தா, அடுப்படியில பூரிக்கு மாவு பெசஞ்சுக்கிட்டு இருக்காரு. பக்கத்துல பாய் உருளைக்கிழங்கு உரிக்கறாரு. ரெண்டு பேரும் பேச்சு, சிரிப்பு. துணிய எடுத்துப் பையில திணிச்சுக்கிட்டு, நான் ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். கையத் தொடச்சுக்கிட்டே பின்னால வந்தாரு. பைய வாங்கிக்கிட்டாரு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தாரு. பஸ்ல ஏத்தி, பைய வச்சுட்டு, ஏதோ சொல்லப் போறாருன்னு பாத்தேன். "அடுப்புல மசால் இருக்கு, அடி புடிச்சிரும்"னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டாரு. பொண்டாட்டி போறா, இவருக்கு மசால் அடி புடிக்கறதுதான் கவலை! சொல்லு, இந்த ஆளோட எப்படி இருக்கறது?

என்னம்மா கேட்டே? சாப்பாடு எப்படி இருந்துச்சா?

நல்லா இருந்துச்சுன்னாங்க எல்லாரும். கோபாலன் சார் மூணு தரம் வாங்கிக்கிட்டாராம். ரேணுகா விரல நக்கினான்னு பாய் சொன்னாரு.

நான் சாப்பிடலம்மா. எழுந்து வந்துட்டேன்னு சொன்னேனே.

ரூமுக்குள்ள வந்தப்ப ஒரு தட்டு கொண்டாந்து வச்சாரு. எனக்கு இருந்த கோவத்துல அத அப்படியே தள்ளிவிட்டேன். தள்ளறப்பப் பாத்தேன். கறிய எலும்பில்லாம பிச்சுப் பிச்சு வச்சிருந்தாரு. கடைவாய்ப் பல்லு ரெண்டு எனக்குக் கெடையாது. சோத்துல ஒரு ஏலக்காய் இல்ல, ஒரு கிராம்பு இல்ல, பட்டை இல்ல. எல்லார் தட்டுலயும் இருந்துச்சு, பாத்தேன். ஏலக்காய் கடிபட்டா எனக்கு வாந்தி வந்துரும். அது ஒண்ணொண்ணா பொறுக்கி எடுத்தது. அதப் பொறுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வெளிய அவ்வளவு பேரு கத கேட்டுக்கிட்டிருந்தப்ப, இது எப்பச் செஞ்சாருன்னு தெரியல.

ஒரு வாய் எடுத்து வைக்கல நான். தட்ட எடுத்து வெளிய வச்சுட்டேன். ராத்திரியும் சாப்பிடல. காலையில பூரியும் சாப்பிடல. இல்லம்மா, பன்னெல்லாம் வேணாம், நீ சாப்பிடு, நீ பசியில வந்திருப்பே.

முப்பத்தாறு வருசத்துல யாரு யாரோ சாப்பிட்டிருக்காங்க, அந்தக் கையால. பேரு தெரியாத வீட்ல பத்தொம்பது பேரு சாப்பிட்டிருக்காங்க. முந்நூறு பேரு சாப்பிட்டிருக்காங்க. ரேணுகா சாப்பிட்டா. நான் ஒரு தரம்கூடச் சாப்பிட்டதில்ல. ஆக்கித் தர மாட்டேன்னு அவரு சொன்னாரா? வாசப்படியில வந்து வந்து நின்னாரு. நான்தான்...

பஸ் நிக்குதே, வத்தலக்குண்டா? இரு, நானும் எறங்கறேன். திருச்சி வரைக்கும் டிக்கெட் எடுத்தது போனாப் போகட்டும். கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் கையக் குடு. மேல போறதுக்கு இங்கேர்ந்து பஸ் கெடைக்குமா? எத்தனை மணிக்கு? உனக்குத் தெரிஞ்சா என்னை அந்தப் பக்கம் ஏத்தி விட்டுட்டுப் போ, கண்ணு. நாளைக்குத்தான் அவங்கெல்லாம் கிளம்பறாங்க. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள போயிடலாம்ல?

போய் அந்த மனுசன்கிட்ட என்னன்னு சொல்றது? மன்னிப்பெல்லாம் எனக்குக் கேக்க வராது. நான் கேட்டா அவருக்கும் எங்க பாக்கறதுன்னு தெரியாமப் போயிரும். பசிக்குதுன்னு மட்டும் சொன்னா போதுமாம்மா?